ஹம்சவேணி வீட்டுத் தண்ணீர்

சமூகப்பணி மேற்படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. முதல் வருஷத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் களப்பணி. கூடப் படித்தவர்களுக்குக் குழந்தைகள் இல்லம், பள்ளிக்கூடம் என்று கிடைக்க, எனக்கு வாய்த்தது பழங்காநத்தத்தில் ஒரு தொண்டு நிறுவனம். காசநோய்க்காரர்கள் மாத்திரையை நடுவில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. முதல் நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். எல்லாருக்கும் பிள்ளைகள், எனக்கு மட்டும் இருமலா என்று வழியெல்லாம் பொருமல்.

அங்கே என்னை மேற்பார்வை பார்த்தது தமிழ்வாணி மேடம். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர், கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. அவர் எனக்குக் கொடுத்த முதல் கேஸ் ஹம்சவேணி. முப்பத்து மூன்று வயது, சௌராஷ்டிரக் குடும்பம். கணவர் உமேஷ் ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன், நாலாவது படிக்கும் ஒரு மகள். மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் நோய் திரும்பும், திரும்பும்போது மாத்திரைக்கு அடங்காததாகவும் வரலாம்.

அவர் இருந்தது ஒரு காம்பவுண்டில். ஆறு வீடு, ஒரு குழாய், ஒரு கக்கூஸ். முன்வீட்டில் வீட்டுக்காரம்மா சூடாமணி. துறை உத்தரவுப்படி கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, செப்டம்பர் வெயிலில் வியர்த்து வழிந்து போய்ச் சேர்ந்தேன். ஹம்சவேணி பாயை விரித்தார். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

நான் இதைக் கவனித்தேன். எங்கள் வீட்டில் யாராலும் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. எங்கள் அப்பா கருப்பு சின்னப் பிள்ளையாக இருந்தபோது, திருவாதவூர்ப் பக்கம் எங்கள் ஆட்களுக்கு டீக்கடையில் தனி கிளாஸ். இன்றைக்கு அப்பாவுக்குச் சொந்தமாக முக்கால் ஏக்கர் இருக்கிறது, ஊர்க் கூட்டத்தில் நாற்காலி போடுகிறார்கள். இருந்தும் ஒரு புது வீட்டுக்குப் போனால் தண்ணீர் வருகிறதா, எதில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாய்ந்து உட்காருவார். அந்தக் கண் எனக்கும் வந்திருக்கிறது.

அப்படிப்பட்ட நான் அந்த டம்ளரை விரலால்கூடத் தொடவில்லை. "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்க்கா" என்றேன். பச்சைப் பொய். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. காசநோய் தண்ணீரில் பரவாது, பாத்திரத்தில் பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களில் பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும் என்று பரீட்சையில் எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கியவள் நான். எழுதும்போது தெரிந்தது டம்ளரைப் பார்த்ததும் மறந்துபோனது. அந்த நேரம் பார்த்து சூடாமணியம்மா ஏதோ கேட்க வந்து வாசலில் நின்றார். என் அட்டையைப் பார்த்தார், நிறைந்திருந்த டம்ளரைப் பார்த்தார், வந்த விஷயத்தைக் கேட்காமலே திரும்பிப் போனார்.

அன்றைக்கு ரிப்போர்ட்டில், 'சேவைபெறுநர் நன்கு ஒத்துழைத்தார்' என்று எழுதினேன்.

மூன்றாவது வாரம் அவர் மாத்திரை வாங்க வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. 'சேவைபெறுநர் ஒத்துழைக்க மறுக்கிறார். விழிப்புணர்வு தேவை' என்று எழுதிக் கொடுத்தேன். தமிழ்வாணி மேடம் அதன்மேல் கேள்விக்குறி போட்டார். பக்கம் பாதிக்கு வரும் அளவு பெரிய கேள்விக்குறி.

"அவங்க என்ன செய்யலன்னு எழுதியிருக்க. நீ என்ன செஞ்ச? முத விசிட்ட முழுசா எழுதிட்டு வா. யாரு எங்க உக்காந்தா, யாரு என்ன சொன்னா, அம்புட்டும் வேணும். கருத்து மட்டும் சொல்லாத" என்றார்.

எங்கள் துறையில் இப்படி ஒரு வேலைமுறை உண்டு. நடந்ததை நாடக வசனம் மாதிரி, சேவைபெறுநர், பணியாளர் என்று வரிவரியாக எழுத வேண்டும். இதைத் திட்டாத மாணவர் எங்கள் வகுப்பில் கிடையாது. நானும் திட்டிக்கொண்டேதான் எழுதினேன். 'சேவைபெறுநர் பாய் விரித்தார். சேவைபெறுநர் தண்ணீர் கொடுத்தார்.' அடுத்த வரியில் 'பணியாளர்' என்று போட்டேன். பேனா அதற்கு மேல் ஓடவில்லை. கடைசியில் எழுதினேன்: 'பணியாளர் குடிக்கவில்லை.'

எழுதியதைப் படித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. நாகரிகமாக வேறு ஏதாவது வார்த்தை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை, வெட்கம்தான்.

மறுவாரம் அடையாள அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். அன்று குழாயில் தண்ணீர் வரும் நாள். வீட்டுக்கு ஒரு நிறத்தில் பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பச்சைக் குடம் மட்டும் வரிசையில் சேராமல் சுவரோரமாகத் தனியே நின்றது. யாருடையது என்று நான் கேட்கவில்லை.

ஹம்சவேணி உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவரவில்லை.

"ஒங்களக் குத்தம் சொல்லலைங்க. நீங்க போன மறுநாளு சூடாமணியம்மா கேட்டாங்க, ஆஸ்பத்திரிச் சோலியா வந்த பொண்ணே ஓங்கையால தண்ணி வாங்கிக் குடிக்கலையே, ஒனக்கு என்ன சீக்குன்னு. நான் என்னத்தச் சொல்ல?" என்றார். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டார். "அந்த மாத்திர போட்டா ஒன்னுக்கு ஆரஞ்சுக் கலராப் போகுது. எங்க எல்லாருக்கும் ஒரே கக்கூஸ். எம்புட்டு ஊத்துனாலும் யாராச்சும் பாத்துட்டுக் கேக்குறாங்க. அதான் நிறுத்திட்டேன். நிறுத்துனாக் கலர் நின்னுரும்ல. ஒன்னுமில்லன்னு காட்டிரலாம்ல. தைக்குள்ள காலி பண்ணுன்னு சொல்லிட்டாங்க. அடுத்த வீட்டுக்கும் இதே பேச்சு பின்னாலயே வரும்."

'விழிப்புணர்வு தேவை' என்று நான் எழுதியது நினைவுக்கு வந்தது. யாருக்குத் தேவை என்று எழுதத்தான் விட்டுப்போயிருந்தது.

"அக்கா, குடிக்கத் தண்ணி குடுங்க" என்றேன்.

"வேணாங்க. எம்மேல எரக்கப்பட்டுக் குடிக்க வேணாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

தமிழ்வாணி மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தி, "சரி, எங்கெங்க ஒடஞ்சிருக்கு? ஒவ்வொன்னா சொல்லு" என்றார். ஹம்சவேணியின் உடம்பு, அவர் பயம், உமேஷ், காம்பவுண்டு, அந்தக் கக்கூஸ் என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு ஆளுக்கு அறிவுரை சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பாடப் புத்தகத்தில் தனியாள், குடும்பம், குழு, சமூகம் என்று தனித்தனி அத்தியாயமாக இருந்ததெல்லாம் ஒரு குழாயடியில் ஒன்றாக நின்றுகொண்டிருந்தது.

முதலில் உமேஷைப் பிடித்தேன். கடையின் மதியச் சாப்பாட்டு நேரத்தில், போனில் மூன்று தடவை கெஞ்சிய பிறகு, ஹம்சவேணி மாத்திரை வாங்கும் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் சோலையம்மாளைப் பார்க்க வந்தார். நிறம் மாறுவது மருந்தால்தான், அது கெடுதல் இல்லை, மருந்து வேலை செய்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் சொன்னதை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். மகளுக்கு இருக்குமோ என்று மட்டும் கேட்டார். மகளைப் பரிசோதித்தார்கள், ஒன்றுமில்லை. அன்று அந்த மனிதர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. பதினோரு நாள் விட்டுப்போன மாத்திரையை, டாக்டர் பார்த்துச் சொன்னபடி ஹம்சவேணி மறுபடி ஆரம்பித்தார். வாராவாரம் உமேஷே வந்து வாங்கிப் போனார்.

ஆனால் வீட்டைக் காலி செய்யச் சொன்னது அப்படியேதான் இருந்தது. வீடு போனால் மாத்திரையும் போகும் என்று எனக்குத் தெரியும். தெருவுக்கே பொதுவாக ஒரு கூட்டம் போடலாம், உங்கள் பேரே வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று ஹம்சவேணியிடம் திட்டத்தை விளக்கினேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"காம்பவுண்டுக்கே தெரிஞ்சத யாருக்கோன்னு சொல்லிப் பேசப் போறீங்களா? நானே சொல்றேன். நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க, போதும்" என்றார்.

சேவைபெறுநர் தன் முடிவைத் தானே எடுப்பது என்று ஒரு பாடம் இருக்கிறது. மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறாத பாடம், அன்று பாயில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு என்னோடு பேசியது.

தண்ணீர் வரும் நாளிலேயே கூட்டம். குழாயில் காற்று மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டிருக்கும் அந்த அரைமணி நேரம்தான் எல்லாரும் ஓரிடத்தில் இருப்பார்கள். நோய் பரவும் விதத்தைப் படம் வரைந்து சுருட்டி எடுத்துப் போயிருந்தேன். ஹம்சவேணி எழுந்தார். "எனக்கு டி.பி. மாத்திர சாப்பிடுறேன். சரியாயிரும்னு சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். என்னோடு வந்திருந்த நர்ஸ் மீதியை விளக்கினார். தண்ணீரிலும் பாத்திரத்திலும் கக்கூஸிலும் ஒட்டாது என்று சொன்னபோது சூடாமணியம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் சரி. அப்ப அன்னைக்கு இந்தப் பொண்ணு ஏன் குடிக்கல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்கிறேனோ அதை வைத்துத்தான் ஹம்சவேணியின் வீடு நிற்கும் என்பது தெளிவாகத் தெரிந்தது. படத்தை விரிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விரிக்கவில்லை.

"பயந்துட்டேன்மா. பரவாதுன்னு தெரியும், பரீட்சையிலயே எழுதியிருக்கேன். ஆனாலும் பயந்துட்டேன். எங்கப்பாவுக்கு டீக்கடையில தனி கிளாஸ் வச்சிருந்த ஊருல பொறந்தவ நான். குடுத்த தண்ணியத் தொடாம வச்சா குடுத்தவங்களுக்கு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போகுமா? தெரிஞ்சும் செஞ்சேன். தப்பு எம்மேல. இந்தக்கா மேல ஒன்னுமில்ல" என்றேன்.

தனி கிளாஸ் விஷயத்தை நான் காலேஜில்கூட யாரிடமும் சொன்னதில்லை. ஆறு வீட்டுக்காரர்கள் முன்னால், நிற்க இடம் தெரியாமல் நின்றுகொண்டு சொன்னேன். ஹம்சவேணி எழுந்து விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார். இருந்த கொஞ்சத்தையும் கெடுத்துவிட்டேன் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்தபோது அவர் கையில் அதே எவர்சில்வர் டம்ளர்.

"இது எரக்கத்துக்கு இல்ல, தாகத்துக்கு. குடி மீனா" என்றார்.

அதுவரை 'ங்க' போட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தார். பாண்டிமீனாவான என்னை வீட்டில் அப்பா மட்டும்தான் மீனா என்பார். வாங்கிக் குடித்தேன். அவசரத்தில் பாதி சேலையில் கொட்டியது. அவ்வளவு ருசியான தண்ணீர் அது என்று சொன்னால் மிகையாக இருக்கும். கொஞ்சம் உப்புத் தண்ணீர்தான். கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

அதோடு எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். அன்று தண்ணீர் வந்ததும் அவரவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பச்சைக் குடம் சுவரோரத்திலேயே நின்றது. தீபாவளிக்கு அப்புறம் ஒரு நாள் வரிசையின் கடைசியில் பார்த்தேன். மார்கழியில் நடுவில் வந்திருந்தது. தை வந்தது, போனது. காலி செய்கிற பேச்சை சூடாமணியம்மா எடுக்கவில்லை, நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

மார்ச்சில் கடைசிப் பரிசோதனை. நோய் குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். என் களப்பணியும் அந்த வாரம் முடிந்தது. விடைபெற்றுக்கொள்ளப் போனபோது ஹம்சவேணி மகளைக் கூப்பிடப் பள்ளிக்கூடம் போயிருந்தார்.

"ஏம்மா வெயில்ல நிக்கிற? அவ இப்ப வந்துருவா, இப்பிடி உக்காரு" என்றார் சூடாமணியம்மா.

குழாயடியில் நிரம்பிய குடங்கள் வரிசையாக இருந்தன. அவர் தன் வீட்டிலிருந்து ஒரு செம்பை எடுத்து வந்தார். கைக்கு எது பக்கமோ அந்தக் குடத்தைச் சாய்த்தார். பச்சைக் குடம். செம்பை நிரப்பி, அண்ணாந்து மடமடவென்று குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடி நிரப்பி என்னிடம் நீட்டினார்.

தான் செய்தது என்னவென்று அவருக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. செம்பைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

ஹம்சவேணி மகளோடு வந்தார். "என் வீட்டுத் தண்ணிய எனக்குத் தெரியாமக் குடிச்சுக்கிட்டு இருக்கீங்களா ரெண்டு பேரும்?" என்றார்.

"அக்கா, அன்னைக்கு ரெண்டாவது தடவையும் எனக்குத் தண்ணி குடுத்தீங்கள்ல, அதுக்கு நன்றி" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"தண்ணிக்குப் போயி யாராச்சும் நன்றி சொல்லுவாங்களா" என்று சொல்லிவிட்டு அவர் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டார்.

கடைசி ரிப்போர்ட்டைப் பஸ்ஸிலேயே எழுதினேன். 'சேவைபெறுநர் தண்ணீர் கொடுத்தார். பணியாளர் குடித்தார்.' தமிழ்வாணி மேடம் படித்துவிட்டு, சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.