மூச்சுப் பிடித்தவள்

மூச்சை இழுத்துப் பிடிங்க என்கிறது கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு குரல், இழுத்தாள், பிடித்தாள், பிடித்ததும் உதடு தானாக அசைந்துவிட்டது, கபடிக் கபடிக் கபடியென்று காற்றோடு காற்றாக முணுமுணுத்தபடி ஸ்கேன் கருவியின் வெள்ளை வளையத்துக்குள் மல்லாந்து கிடக்கிறாள் ஒச்சம்மாள், மூச்சைப் பிடி என்றால் அவளுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான், பதினாறு வயதில் எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பாடிப் போக ஆரம்பித்தவள், படம் அத்தனையும் கலங்கிப்போய்விட்டது, ஸ்கேன் எடுக்கிறவர் எழுந்து வந்து என்னக்கா, உள்ள படுத்துக்கிட்டு மந்திரம் சொல்றீங்களா, நெஞ்சு ஆடுதுல்ல என்கிறார், மந்திரமில்ல சார் கபடி, என்றாள், பாடாம மூச்சப் பிடிச்சா எங்க ஊர்ல அவுட்டு குடுத்துருவாங்க, அவர் சிரித்துவிட்டுச் சும்மா பிடிங்கக்கா போதும், இங்க யாரும் ஒங்களப் பிடிக்க வரல என்று சொல்லிப் போய் மறுபடி எடுக்கிறார், சும்மா பிடித்துக்கொண்டு கிடப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அது அறுவைக்கு முன்னால். இப்போது அறுவை முடிந்து, புற்று வந்த வலது மார்பும் அக்குளிலிருந்த நெறிக்கட்டிகளும் போய், அந்த நெறிகளில் நோய் ஏறியிருக்கிறதா இல்லையா என்கிற சோதனை முடிவைக் கேட்க, மதுரையில் அதே ஆஸ்பத்திரியின் நீளக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், ஏறாமல் இருந்தால் மாத்திரையோடு வீடு போகலாம், ஏறியிருந்தால் மருந்து ஏற்ற வேண்டும், இங்கேயும் அதே பாடுதான், சும்மா பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

பக்கத்தில் புருஷன் தவசி, மடியில் மஞ்சள் பையைக் கட்டிக்கொண்டு, டாக்டர் ரூமின் கதவு திறக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப்போட்டு நிமிர்கிறார், ஏ புள்ள, பசிக்குதா, இல்ல, தண்ணி வேணுமா, வேணாம், அப்ப எனக்குத்தான் என்னமோ பண்ணுது, அவளுக்குச் சிரிப்பு வருகிறது, இந்த மனுஷன் எப்போதும் இப்படித்தான், கல்யாணமான புதிதில் சேடபட்டிப் பக்கம் ஒரு திருவிழா ஆட்டம், மத்தியான வெயிலில் தரை கொதிக்கிறது, கடைசிப் பாட்டுக்கு இவள் போகிறாள், கட்டிக்கிட்டு வந்தவள ஆட விட்டு வேடிக்கை பாக்குறான் பாரு என்று கூட்டத்தில் எவனோ கத்துகிறான், காதில் விழுந்தும் விழாத மாதிரி போகிறாள், காலை ஒருத்தி பிடிக்கிறாள், இடுப்பை ஒருத்தி, முதுகில் இருவர் விழுகிறார்கள், தாடை கிழிந்து வாயெல்லாம் மண், மூச்சு மட்டும் அறுபடவில்லை, கபடிக் கபடியென்று நான்கு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஊர்கிறாள், நடுக்கோட்டில் விரல் பட்டதும் விசில், கூட்டம் அப்படியே எழுந்து நிற்கிறது, கத்தினவனும் நிற்கிறான், கோப்பையைத் தூக்கிக்கொண்டு புருஷனைத் தேடினால் ஆள் டீக்கடையில், இவள் பாடப் போகும்போதெல்லாம் அவர் டீக்கடைக்குப் போய்விடுவார், முடிஞ்சிருச்சா, ஒனக்கு ஒண்ணும் ஆகலையில்ல என்று கேட்டுக்கொண்டே கிளாஸும் கையுமாக ஓடி வருவார், ஜெயித்தோமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த உடம்பைத்தான் ஒரு பக்கம் அறுத்தார்கள், முழிப்பு வந்தபோது நெஞ்சில் கட்டு, விலாவில் ஒரு குழாய், குழாயின் முனையில் சிவப்பாக நிறைந்து வரும் ஒரு புட்டி, நர்ஸ் ஜெபஸ்டினா நுரையீரலுக்குப் பயிற்சி கொடுக்க மூன்று பந்து போட்ட ஓர் ஊதுசாமானைக் கொண்டுவந்து வைக்கிறாள், ஊதக் கூடாதும்மா, உள்ள இழுக்கணும், ஒரு பந்து ஏறுனாலே இன்னைக்குப் போதும் என்கிறாள், ஒச்சம்மாள் இழுத்தாள், தையல் சுரீரென்றது, விடவில்லை, ஒன்று ஏறியது, இரண்டு ஏறியது, மூன்றாவதும் ஏறி உச்சியில் ஒட்டிக்கொண்டு நின்றது, நின்றுகொண்டே இருந்தது, யாத்தே, விடுங்கம்மா, மயக்கம் வந்துரப்போகுது என்று ஜெபஸ்டினா பதறினாள், வார்டில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள், மறுநாளிலிருந்து அது ஆட்டமாகவே ஆகிவிட்டது, யார் எத்தனை பந்து, எவ்வளவு நேரம், ஊர் ஊராகக் கோப்பை வாங்கியபோதுகூட இப்படி ஒரு கர்வம் அவளுக்கு வந்ததில்லை, அடுத்த கட்டிலில் நூல் மில்லுக்காரி வனராணி மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள், வாடி, ஒரு பந்தாச்சும் தூக்கு, எனக்கெதுக்குக்கா, அறுத்துப் போட்ட ஒடம்பு, ஒச்சம்மாளுக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ, அறுத்தது சதையத்தானடி, மூச்சையா அறுத்தாங்க, எந்திரி, என்று அதட்டினாள், வனராணி அழுதுகொண்டே எழுந்து அழுதுகொண்டே இழுத்தாள், ஒரு பந்து ஏறியது.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்த அதட்டல் எல்லாம் எங்கே போயிற்று, ஒரு கை வேலையில் இருக்கும்போதே இன்னொரு கை அக்குளுக்குப் போய்விடுகிறது, ஒன்றுமில்லாத இடத்தை அழுத்தி அழுத்திப் பார்க்கிறது, குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாமல் சோறு குழைகிறது, பயம், வெறும் பயம், அது முற்றும்போது அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பிப்பாள், மெதுவாக, கபடிக் கபடியென்று, மூச்சு முடிகிறவரை, முடிந்ததும் இன்னொரு மூச்சு, அந்த மூச்சுக்குள் பயத்துக்கு இடமில்லை, அவ்வளவுதான் கணக்கு, வாசலில் இருக்கும் தவசிக்கு அது விம்மல் போலக் கேட்டிருக்க வேண்டும், கதவோரம் வந்து நின்று ஏ புள்ள, அழுகுறியா என்பார், பிராக்டீஸ் பண்றேன், போங்க, என்பாள், அவர் போக மாட்டார், அங்கேயே நின்று பூண்டு உரித்துக்கொண்டிருப்பார்.

ஒச்சம்மாள், ஒச்சம்மாள் என்று கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் மஞ்சள் பை மட்டும் இருக்கிறது, தவசியைக் காணோம், டீக்கடைக்குத்தான், வேறெங்கே, கோபம் வரவில்லை, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள், டாக்டரம்மா தலை நிமிர்ந்து வீட்டுக்காரர் வரலையா என்கிறார், வந்திருக்காரு மேடம், பயந்து வெளிய போயிட்டாரு, எங்கிட்டயே சொல்லுங்க, டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பிரித்தார், ரெண்டு நெறியில இருக்கும்மா, மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு, மருந்து ஏத்தணும், முடி கொட்டும், வாந்தி வரும், ஆனா தாங்கிருவீங்க, உதடு அசையப் பார்க்கிறது, பாட வரவில்லை, கண்ணில்தான் நீர் இறங்குகிறது, துடைக்காமல் இருந்தாள், தாங்கிருவேன் மேடம், எப்ப வரணும்னு சொல்லுங்க, என்றபோது தன் குரல் நடுங்காமல் வந்ததைத் தானே கேட்டாள், அடியே ஒச்சு, என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

வெளியே இரண்டு பேப்பர் கப்போடு தவசி நிற்கிறார், முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது, ரெண்டுல இருக்காம், மருந்து ஏத்தணுமாம், டீயக் குடுங்க ஆறப்போகுது, அவர் கொடுக்கவில்லை, கப்பைப் பிடித்தபடியே அழுகிறார், அவளே வாங்கி நின்ற வாக்கில் ஒரு வாய் குடித்தாள், சர்க்கரை தூக்கலாக இருந்தது, அப்போதுதான் வனராணி, வனராணி என்று கூப்பிடுகிற சத்தம், கடைசி வரிசையில் வனராணி தனியாக உட்கார்ந்திருக்கிறாள், கூட யாருமில்லை, இரண்டாவது தடவை கூப்பிடுகிறார்கள், எழுந்திருக்கவில்லை, நாற்காலியின் விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருக்கின்றன, அக்கா ஒனக்கு என்ன சொன்னாங்க என்று அங்கிருந்தே கேட்கிறாள், ரெண்டுல இருக்காம்டி, கேட்டுட்டு நின்னுக்கிட்டுத்தான இருக்கேன், எந்திரி, டீயைத் தவசியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணை இப்போதுதான் முந்தானையால் துடைத்துக்கொண்டு, வனராணியின் கையைப் பிடித்து எழுப்பி, வந்த வழியே அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போகிறாள், டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, ஏம்மா, நீங்க இப்பத்தானே போனீங்க என்கிறார், ஆமா மேடம், என்று நாற்காலியை இழுத்துப் போட்டு வனராணியை உட்காரவைத்துவிட்டு அவள் பின்னால் நிமிர்ந்து நின்றாள் ஒச்சம்மாள், இப்ப இவளுக்கு அக்காவா வந்திருக்கேன், சொல்லுங்க.