கிளையாற்றின் வாய்

விடிவதற்குள் முப்பது கம்பிக்கூடைகளில் கல் நிரம்பியிருக்க வேண்டும். குனிந்து, கல்லை வயிற்றோடு அணைத்து, மூச்சைப் பிடித்து நிமிர்ந்தால்தான் அது தரையை விட்டு எழும். பனியில் நனைந்த கல் கையில் நிற்காது. போன வாரம் ஒருத்தியின் காலில் விழுந்து கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளே வந்து நின்றாள். நிரம்பிய கூடைகளை மிதவையில் ஏற்றிப்போய், முதலாளியின் கரையிலிருந்து ஆற்றுக்குள் நீளும் கல்தடுப்பின் நுனியில் இறக்குவார்கள். நாளுக்கு மூன்று முழம் நீண்டது தடுப்பு.

முதலாளியின் ஓட்டுத் தொழிற்சாலை அந்தக் கரையில் இருந்தது. ஆறு அதன் மதிலை அரிக்கத் தொடங்கியதால்தான் இந்த வேலை. கல் சுமப்பவர்களின் தகர வீடுகள் இருபத்தெட்டும் எதிர்க்கரையில் இருந்தன.

மேஸ்திரியின் அக்காவை எல்லோரும் கோல்காரி என்பார்கள். படகில் போய் மூங்கில் கோலை ஊன்றி, ஆழம் பார்த்துத் தம்பியிடம் சொல்வது அவள் வேலை. தடுப்பின் நுனியில் மட்டும் பார்த்தால் போதும் என்பது உத்தரவு. அவள் தன் வீட்டுக் கரையோரமும் பார்த்தாள்.

"இடுப்பளவு தண்ணி இருந்த இடம்டா. இன்னிக்குக் கோல் தரை தட்டல. நாம போடுற கல்லு தண்ணிய நம்ம வீட்டுப் பக்கம் திருப்புது" என்றாள் ஒரு நாள்.

மழைக்கு முன் வேலை முடிந்தால் மேட்டில் வீடு தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார், யாரிடமும் சொல்லிக் கலவரப்படுத்தாதே என்றான் மேஸ்திரி. எல்லாருக்குமா என்று கேட்டாள். வீடு ஒன்றுதான், அவனுக்கு மட்டும்தான். அவனுக்கு மூன்று பெண் குழந்தைகள். அதை நினைத்து அவளும் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பதினோரு நாள் போயிற்று. அவர்கள் கரையின் செங்குத்தான மண்சுவரில் பஞ்சுருட்டான் குருவிகள் பொந்து குடைந்து குஞ்சு பொரித்திருந்தன. பன்னிரண்டாம் நாள் காலையில், அலகில் பூச்சியோடு அவை ஆற்றின்மேல் வட்டமடித்துக்கொண்டே இருந்தன. நுழையப் பொந்து இல்லை. பார்த்ததும் கோல்காரி படகைத் திருப்பினாள். தம்பி என்ன சொன்னாலும் சரி, இன்று எல்லோரிடமும் சொல்லிவிடுவது என்று மிதவைக்குத் துடுப்பு வலித்தாள்.

அவள் வந்து சேர்வதற்குள் கரை சரிந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஈரமூட்டை ஒன்று விழுந்த மாதிரி இருந்தது. கடைசி வீட்டின் அடுப்படி, அடுப்போடும் பாத்திரங்களோடும் தண்ணீருக்குள் போனது. அது நகம் பெயர்ந்தவளின் வீடு. அவள் கையிலிருந்த கல்லைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் மிதவையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குடத்தோடு குழாயடிக்குப் போயிருந்த அவள் மாமியார், திரும்பி வந்து வாசலில் நின்று கையசைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மேஸ்திரி உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா பதினோரு நாளா சொல்லுது. நான்தான் மறைச்சேன். எனக்கு மட்டும் வீடு தர்றேன்னாங்க."

ஒருவன் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். அதற்குள் மிதவைக்கு வந்து சேர்ந்திருந்த கோல்காரி தடுக்கவில்லை. தானும்தான் மறைத்தேன் என்றாள். நகம் பெயர்ந்தவள் கல்லைக் கூடையில் போடாமல் மிதவையின் பலகைமேல் வைத்தாள்.

"அவனை அடிச்சா தண்ணி நிக்குமா? என்ன செய்யலாம்னு சொல்லுங்கக்கா."

கோல்காரி சொன்னது அவர்களுக்குத் தெரியாத சங்கதியில்லை. ஆற்றின் மேல்பக்கத்தில், தொழிற்சாலைக்குப் பின்புறம் வளைந்து போன கிளையாறு ஒன்று இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் லாரிப் பாதைக்காக அதன் வாயை மண் கொட்டி அடைத்தார்கள். கொட்டியவை இதே கைகள். பின்னாலிருந்த சதுப்பு காய்ந்து வெடித்தது. நாரையும் தாரா வாத்தும் வருவதை நிறுத்தின. கிணறுகளில் தண்ணீர் இறங்கியது. இரண்டு வழியில் போன தண்ணீர் ஒரே வழியில் நெருக்கியடித்து ஓடி, முதலாளியின் மதிலையே அரித்தது. கிளையைத் திறந்தால் வேகம் குறையும். எந்தக் கரைக்கும் கல் வேண்டாம்.

பாதிப் பேர் கடைசி வீடுகளைக் காலி செய்யப் படகில் போனார்கள். மீதிப் பேர் நடந்துபோய், கிளையின் வாயை அடைத்த அந்த மண்மேட்டின்மேல், லாரிப் பாதைக்குக் குறுக்கே உட்கார்ந்தார்கள்.

முதலாளி ஜீப்பில் வந்தார். மண்ணை வெட்டிக் கிளையைத் திறக்க வேண்டும் என்றார்கள்.

"கல்லு தூக்குறவங்களுக்கு ஆத்தப் பத்தி என்ன தெரியும்?"

"உங்க மதிலடியில எவ்வளவு ஆழம்னு இத்தனை நாளா நான் சொல்லித்தான் உங்களுக்கே தெரியும்" என்றாள் கோல்காரி.

அவர் மேஸ்திரியைப் பார்த்தார். "உனக்கு வீடு வேணாமா?"

"இருபத்தெட்டுன்னா வேணும்."

முதலாளிக்கு முகம் கறுத்தது. நாளைக்கு வேறு ஆள் வருவார்கள், போலீஸ் வரும் என்றார். பாதை போனால் டிரைவர்களின் பிழைப்பில் மண் என்றார். பிறகு, பாதை மறிபட்டுக் காத்திருந்த லாரிகளைப் பார்த்துக் கையை வீசினார். "எடுங்கடா. கிட்ட வந்தா தானா எந்திரிப்பாங்க."

முதல் லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது. யாரும் எழவில்லை. கைகள் மட்டும் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொண்டன. சக்கரத்தில் நசுங்கிய மண்கட்டிகள் உருண்டு வந்து முன்னால் இருந்தவர்களின் பாதத்தைத் தொட்டன. டீசல் சூடு முகத்தில் அடித்தது. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டான்.

என்ஜின் நின்றது. டிரைவர் இறங்கி, சாவியைச் சட்டைப்பையில் போட்டார்.

"பழைய வழியில சுத்திப் போனா அரை மணி நேரம் கூட ஆகும், அவ்வளவுதான். அதுக்கு ஆள் மேல ஏத்தச் சொல்றீங்களா?"

பின்னால் இன்னொரு என்ஜின் நின்றது. பிறகு மற்றொன்று.

முதலாளி போனில் கத்திக்கொண்டே ஜீப்பைத் திருப்பினார். சாயங்காலத்துக்குள் போலீஸ் வந்துவிடும். மேற்கே மேகம் திரண்டிருந்தது. எதிர்க்கரையில் இன்னொரு துண்டு மண் ஆற்றுக்குள் இறங்கியது.

டிரைவர் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சற்று நேரம் மண்மேட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் வெட்டினால் தண்ணீர் சரியாகப் போகும் என்று கேட்டார்.

கோல்காரி எழுந்தாள். மேட்டின்மேல் நடந்து ஓரிடத்தில் நின்று, குதிகாலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தாள். மேஸ்திரி அவளுக்கு எதிரே போய் நின்று, கோட்டின் மறுமுனையை இழுக்கத் தொடங்கினான்.