சிவப்புப் பொட்டு வைத்த டிஸ்க்

ஏழரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றினான். ஒன்றைக் குடித்தான், மற்றதைத் தொட்டியில் கொட்டினான். ஒன்பதரைக்குக் கொக்கிக் கம்பியால் கடை ஷட்டரைத் தூக்கினான். தரையைப் பெருக்கினான்; மேசைக்கு அடியில் கறுத்துப்போன இடத்தை மட்டும் விட்டுவிட்டான். ஈயம் உருக்கும் சாலிடரிங் கம்பியைச் சூடேறப் போட்டான்.

நான்கு மாதமாக இதே வரிசைதான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை. அந்தக் கறுப்பு இடத்தில்தான் அவன் மனைவி மண்டை பிளந்து கிடந்தாள். இரண்டு லேப்டாப்பைக் காணவில்லை. திருடன் வேலை என்று போலீஸ் எழுதி முடித்தது. மேசையிலிருந்த கம்ப்யூட்டரையும் அடித்து நொறுக்கியிருந்தார்கள். நேற்றுத்தான் அது போலீஸிடமிருந்து திரும்பி வந்தது. பெட்டி சப்பை. உள்ளே ஹார்ட் டிஸ்க்கில் கீறல்கூட இல்லை. வேறு பெட்டியில் மாட்டிப் பார்த்தான், உயிர் வரவில்லை.

அன்று அவள் யாரோ கொடுத்த கேமராவை அந்தக் கம்ப்யூட்டரில் இணைத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். பதிவை ஓடவிட்டு, எதிரில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டிருப்பாள். ஆக, அந்தத் திருடன் டிஸ்க்கின் உள்ளே பதிவாகியிருக்கலாம். வாய் சும்மா இருந்ததா? நேற்றே மச்சானுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

மச்சான் என்றால் அவளுடைய அண்ணன். தான் பார்த்த வரனை உதறிவிட்டு இவனைக் கட்டிக்கொண்டாள் என்று இரண்டு வருடம் தங்கை முகத்தில் விழிக்காதவன். அவள் செத்த அன்று முதல் ஆளாக வந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். "கடைசியா எனக்குத்தான் போன் பண்ணா மாப்பிள்ளே. 'அவரைப் பாத்துக்கோ அண்ணா'ன்னா." அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இவன் நான்கு மாதத்தை ஓட்டினான்.

இழுப்பறையில் இரண்டு பென் டிரைவ். கடையில் அவற்றை டிஸ்க் என்றே சொல்வார்கள். ஒன்று எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றுவது. மற்றது செத்த கம்ப்யூட்டரை எழுப்பி, உள்ளிருப்பதை மீட்பது. நேற்றுப் போனில் மச்சானுக்கு இரண்டையும் விளக்கியிருந்தான். ஒருமுறை மாற்றிச் சொருகி ஒருவருடைய கல்யாணப் படங்களைத் தொலைத்தான். அன்றே அவள் நகப்பூச்சால் மீட்பு டிஸ்க்குக்குச் சிவப்புப் பொட்டு வைத்தாள். "ஆபத்துக்குத்தானே சிவப்பு?" என்றான். "ஆம்புலன்ஸ் விளக்கு என்ன பச்சையா?" என்றாள்.

அதை எடுக்கக் கை நீட்டியபோது மச்சான் வந்தான். கொக்கிக் கம்பியை எடுத்து ஷட்டரை உள்ளிருந்தே இறக்கினான்.

"வாங்க மச்சான். ஏன் இறக்கறீங்க?"

"அதை அழிச்சிடு மாப்பிள்ளே."

"அவனைப் பிடிக்க வேணாமா?"

மச்சான் கம்பியால் பதில் சொன்னான். இடது கை எலும்பு முறிந்த சத்தம் முதலில் கேட்டது. வலி பிறகு வந்தது. இரண்டுக்கும் நடுவில் விஷயம் புரிந்துவிட்டது.

"நீயா?"

"உன்னைக் கட்டுனப்பவே அவ செத்தாச்சுடா."

இரண்டாவது அடி வாயில். பல் ஒன்று கீபோர்டில் விழுந்தது. மச்சான் இழுப்பறையைப் பிடுங்கிக் கவிழ்த்தான்.

"எது அழிக்கிறது? சொல்ல மாட்டியா? சிவப்பு போட்டிருக்கே, இதுகூடத் தெரியாத மடையனா நான்?"

"அது வேணாம் மச்சான், கால்ல விழறேன்..."

சொன்னதும் மச்சானுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அவனே சொருகினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின.

"அழியுதா?"

"அழியுது."

மச்சான் திரையையே வாய் பிளந்து பார்த்தான். சாலிடரிங் கம்பி நன்றாகக் காய்ந்திருந்தது. இவன் வலது கையால் அதை எடுத்து மச்சான் கழுத்தில் குத்தினான். தோல் பொசுங்கியது. மச்சான் அலறிக் கொக்கிக் கம்பியை விட்டான். இவன் அதைப் பொறுக்கி முழங்காலில் ஒன்று வைத்தான். இன்னொன்று. மூன்றாவதில் மூட்டு பின்பக்கம் மடங்கியது. மச்சான் கறுத்த இடத்தின் மேலேயே விழுந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டான்.

எழுத்துகள் நின்றன. மீண்டது ஒரே ஒரு பதிவு. கம்பியை ஓங்கியபடியே இடது முழங்கையால் என்டரை அழுத்தினான்.

திரையில் அவள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. சத்தம் வருதா?" என்றாள் கேமராவைப் பார்த்து. கதவு திறக்கும் ஓசை. திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. எழுந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"அண்ணா! வா, வா. கையில என்ன, பேப்பர்ல சுத்தி? கனமா இருக்கும் போலிருக்கே. கொடு, நான் வாங்கி வைக்கிறேன்."