இழுக்குமா என்று மட்டும் கேட்டவன்

இன்றைக்கு டெல்பெர்ட்டுக்குச் சக்கர அச்சில் ஏதோ சத்தம் கேட்டதாம். நேற்று காற்று. முந்தாநாள் முதுகுவலி. கிளம்பாமல் இருக்கப் புருஷனுக்கு இத்தனை சாக்கா என்று வெர்னாவுக்கு வயிறு எரிந்தது. தினமும் காலையில் டிரெய்லரைப் பிக்கப் வண்டியில் பூட்டுவான், சாயங்காலம் கழற்றுவான். இதே பிழைப்பு.

சுற்றிலும் கொலராடோ மலை, நடுவில் கிண்ணம்போல் பள்ளம், அதில் டிரெய்லர்கள் நிறுத்தும் அந்த முகாம். பாதி வண்டிகள் போய்விட்டன. பனி கொட்டினால் கணவாய்ச் சாலையை அடைத்துவிடுவார்கள், அப்புறம் வசந்தம் வரை ஒருத்தரும் வெளியே போக முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் புவெப்லோவில் மகள் ஷெல்பிக்குத் தலைப்பிரசவம். கூட இருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான். "அம்மா, வந்துடுவே இல்ல?" என்று அவள் ஃபோனில் கேட்கும்போதெல்லாம் வெர்னா "இந்த வாரம்டி" என்பாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இருந்த வீட்டை விற்று வாங்கிய டிரெய்லர் அது. கட்டில், அடுப்பு, குளியலறை என்று சக்கரம் வைத்த முழு வீடு. பிக்கப் பழசு. "இது அதை இழுக்குமா?" என்று டெல்பெர்ட் கேட்டான். தாராளமாக இழுக்கும் என்றான் விற்றவன். அவன் சொன்னது காலி டிரெய்லரின் கணக்கு. தண்ணீர்த் தொட்டியும், பாத்திரம் பண்டமும், டெல்பெர்ட் ஒன்றைக்கூட விட மனசில்லாமல் ஏற்றிய இரும்புச் சாமான்களும் யார் கணக்கில் வரும்? பூட்டி நிறுத்தினால் பிக்கப்பின் பின்பக்கம் தரையைத் தொடப் பார்க்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும். வெர்னா அப்போதே வாயைத் திறந்தாள். "உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?" என்று அடக்கிவிட்டான்.

"அப்ப இன்னிக்கும் கிளம்பல?"

"சத்தம் வருது வெர்னா. நீயே கேளேன்."

"நிக்கிற வண்டியில என்னய்யா சத்தம்?"

அவன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். வெர்னா விடுவிடென்று பக்கத்து இடத்துக்கு நடந்தாள்.

அங்கே ராண்டல். பின்னால் இரட்டைச் சக்கரம் போட்ட ராட்சத டீசல் பிக்கப் அவனுடையது. சாயங்காலமானால் பீரும் கையுமாக வந்து டெல்பெர்ட்டின் வண்டியைச் சுற்றிப் பார்த்து, "இதுல போய் அதைக் கட்டியிருக்கியே, கழுதை மேல யானைய ஏத்தின மாதிரி" என்று சிரிப்பான்.

"ராண்டல், எங்க டிரெய்லர மட்டும் கணவாய் தாண்டி விட்டுடுங்க. உங்க வண்டிக்கு இதெல்லாம் தூசு."

ராண்டலின் முகம் தொங்கிப்போனது. தன் பெண்டாட்டி பக்கத்தில் இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"நான் மட்டும் ஏன் இன்னும் இங்கயே கிடக்கேன்னு நினைச்சீங்க? வர்றப்ப இறக்கத்துல பிரேக்லேர்ந்து புகை வந்துச்சு. இழுக்கிறது பெருசில்லங்க, நிக்கணுமே! எதையும் கட்டிக்கிட்டு அந்த ரோட்டுல இனிமே நான் இறங்க மாட்டேன். இவகிட்ட சொல்லிடாதீங்க."

அட வெட்கங்கெட்ட ஆம்பிளைகளா! வெர்னாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அச்சுச் சத்தமும் முதுகுவலியும் எங்கிருந்து வந்தன என்று இப்போது விளங்கியது. திரும்பி வந்தவள் நேராகப் பிக்கப்பின் பின்னால் போய்க் கொக்கியைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"என்ன பண்றே?"

"டிரெய்லர் இங்கயே இருக்கட்டும். நாம போறோம்."

"பனியில குழாயெல்லாம் வெடிச்சிடும். கூரை தாங்காது. இத விட்டா நமக்கு வேற வீடு கிடையாது, வெர்னா!"

"தெரியும். எனக்கு ஷெல்பிய விட்டா வேற பொண்ணும் கிடையாது. நீ வந்தா வா, இல்லேன்னா இதக் கட்டிக்கிட்டு அழு."

கொக்கி அவளுக்கு மசியவில்லை. டெல்பெர்ட் வந்து அவள் கையை விலக்கிவிட்டுத் தானே கழற்றினான். சாவி அவளிடம் இருந்தது. அவன் கேட்கவில்லை.

பாரம் போன பிக்கப் மலையில் துள்ளிக்கொண்டு ஏறியது. டெல்பெர்ட் கதவுப் பிடியை விடவே இல்லை. பாதி ஏற்றத்தில், கம்பித் தடுப்புக்கூட இல்லாத ஒரு வளைவில், "நிறுத்து" என்றான். வெர்னா பிரேக்கில் கால் வைத்ததும் வண்டி நின்றது.

"வர்றப்ப இங்கதான். பிரேக்க மிதிக்கிறேன், நிக்கல. பின்னாலேர்ந்து வீடே நம்மளத் தள்ளுது. நீ தூங்கிட்டிருந்தே."

"ஏன் என்னை எழுப்பல?"

"எழுப்பத்தான் கை நீட்டினேன். அப்புறம், எதுக்கு, தூங்கிட்டே போகட்டும்னு விட்டுட்டேன்."

வெர்னாவுக்கு அவனை ஓங்கி ஓர் அறை விடலாம்போல இருந்தது.

"எழுப்பியிருக்கணும்டா, பாவி," என்றாள். "உன் கையையாவது பிடிச்சிட்டிருந்திருப்பேன்ல."