பிரேக் அக்காவின் நூறு சதவீதம்

பிரேக் அக்காவுக்குத் தெரியாத விஷயம் என்று இந்த உலகத்தில் ஒன்றும் கிடையாது. சந்தேகம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவரே சொல்வார். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவர் பயிற்சியாளர். கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து இருக்கையில் பயிற்சியாளரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா? அதை அவர் மிதிக்கிற மிதிக்கு, கற்றுக்கொள்ள வந்தவர்களின் நெற்றி முன் கண்ணாடியில் போய் மோதாமல் இருப்பது சீட் பெல்ட் செய்த புண்ணியம். அவர்கள் வைத்த பெயர்தான் பிரேக் அக்கா. வீட்டிலும் அதே கதைதான். புருஷன் ஏதாவது பேச வாயெடுத்தால் பாதியிலேயே பிரேக் விழும். மீதியை இவரே சொல்லி முடித்துவிடுவார், அதுவும் தப்பாக.

அவருடைய அப்பா இதற்கு நேர் எதிர். வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாளைக்கு மழை வருமா என்று கேட்டால், வரும் என்றோ வராது என்றோ அந்த மனுஷன் வாயிலிருந்து வராது. "வாய்ப்பு அறுபது சதவீதம்" என்பார். அந்தப் பழக்கத்தை அலுவலகத்தோடு விட்டுவிட்டு வந்தாரா என்றால் அதுவும் இல்லை. "அப்பா, ஞாயித்துக்கிழமை என்னைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று சின்னப் பிள்ளை ஆசையாகக் கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு, "முப்பத்தஞ்சு" என்பார். பெற்ற தகப்பன் சொல்கிற பதிலா இது? தன் வாயிலிருந்து எப்போதும் நூறுதான் வரவேண்டும் என்று அந்தப் பிள்ளை அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டது.

அம்மா போன பிறகு அப்பா மூன்றாவது மாடியில் தன் வீட்டில் தனியாக இருந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. சமீபத்தில் ஒரு நாள் அடுப்பில் வெந்நீர் வைத்ததை மறந்துவிட்டார். பாத்திரம் கருகி, புகை கிளம்பி, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் ரொட்டி வாங்கப் போனவர், திரும்பி வரும்போது அடுத்த தெருவில் யாரோ ஒருவரின் வீட்டுப் பூட்டில் தன் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். விஷயம் பிரேக் அக்காவின் காதுக்கு எட்டியது. அதிலிருந்து எப்போது போன் அடித்தாலும், அப்பாவுக்கு என்ன ஆச்சோ என்று பயந்துகொண்டேதான் எடுப்பார். ஆனால் அவருக்குப் பயம் வந்தால் பயமாக வெளியே வராது, அதட்டலாகத்தான் வரும்.

"பெட்டியக் கட்டுங்கப்பா. எங்க வீட்டுப் பின்பக்க ரூமைக் காலி பண்ணியாச்சு."

"எனக்கு என் வீடு போதும்மா."

"உங்களுக்கு ஞாபகம் போயிடுச்சு. போனதே உங்களுக்குத் தெரியல. நூறு பர்சென்ட்!"

"போயிட்டு இருக்குன்னு தெரியுது. எவ்வளவு போயிருக்குங்கறதுதான் சரியாத் தெரியல," என்றார் அப்பா.

இப்படியே மாறி மாறிப் பேசி, கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஞாபக மறதிக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே உளவியலாளர் சோதித்துப் பார்த்து, தனியாக இருக்கலாம் என்று சொன்னால் அப்பா தன் வீட்டிலேயே இருப்பார். கூடாது என்றால் மறுபேச்சு பேசாமல் மகளோடு வந்துவிடுவார். ஜெயிக்கப்போவது தான்தான் என்பதில் பிரேக் அக்காவுக்கு எத்தனை சதவீதம் நம்பிக்கை என்று சொல்லவும் வேண்டுமா?

உளவியலாளர் ஒல்லியான இளம்பெண். அவர் அறைச் சுவரில் கடிகாரமும் இல்லை, காலண்டரும் இல்லை, காலண்டர் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது.

"என்னம்மா, இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, ஒரு காலண்டர் வாங்கி மாட்டக்கூடாதா?"

"இன்னைக்கு என்ன தேதின்னு கேப்போம் மேடம். பாத்துச் சொல்லிடுவாங்க, அதான் கழட்டிட்டோம்."

அதைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பிரேக் அக்கா சிரிக்கவில்லை. பெரிய வழக்கு நடத்துகிறவர் போல நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கருகிய பாத்திரத்தில் ஆரம்பித்தார். உளவியலாளர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"மேடம், மறக்கறது வேற. மறக்கறோம்னே தெரியாம இருக்கறது வேற. மறக்கும்னு தெரிஞ்சவங்க அதுக்கு ஏதாவது ஏற்பாடு பண்ணிக்குவாங்க. தெரியாதவங்கதான் மாட்டிக்குவாங்க. நாங்க ஞாபகத்த அளக்கறதோட நிறுத்தறதில்ல. தன் ஞாபகத்தப் பத்தித் தனக்கு எவ்வளவு தெரியுதுன்னும் அளப்போம்."

"அதத்தானே நான் தொண்டை கிழியச் சொல்லிட்டு இருக்கேன்! அவருக்கு ஒண்ணுமே தெரியல. அளங்க, நல்லா அளங்க."

"கூட வந்தவங்களும் செய்யணும். அப்பதான் ஒப்பிட்டுப் பாக்க முடியும்."

"நானா? தாராளமா!"

உளவியலாளர் இருவர் கையிலும் ஆளுக்கொரு நீள அட்டையைக் கொடுத்தார். ஒரு முனையில் பூஜ்யம், மறு முனையில் நூறு, நடுவில் நகர்த்துவதற்கு ஒரு சிவப்பு முள். எவ்வளவு உறுதியோ அந்த இடத்தில் முள்ளை நிறுத்த வேண்டும். அப்பாவுக்கு அதைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. ஊரே கேலி செய்த தன் பாஷைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கருவியே வைத்திருக்கிறார்கள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

பதினைந்து சொற்களை வாசிப்பார்கள், பிறகு ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டும். எத்தனை சொல்வீர்கள் என்று முதலிலேயே கேட்டார் உளவியலாளர்.

"ஆறு. காலையிலன்னா ஏழு சொல்லியிருப்பேன்," என்றார் அப்பா.

"பதினாலு," என்றார் பிரேக் அக்கா. "ஒண்ணு தன்னடக்கத்துக்காகக் கம்மி பண்ணியிருக்கேன்."

கட்டில், போர்வை, குறட்டை, கனவு, கொட்டாவி, தாலாட்டு, அலாரம் என்று உளவியலாளர் நிதானமாக வாசித்துக்கொண்டே போனார். பிறகு வேறு ஏதேதோ பேச்சுக் கொடுத்துவிட்டு, அப்பாவைச் சொல்லச் சொன்னார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஐந்து சொன்னார். ஒவ்வொன்றுக்கும் முள்ளை நகர்த்தினார். கடைசியில், "தூக்கம்னு ஒண்ணு வந்த மாதிரி இருக்கும்மா. ஆனா நீங்க சொன்னதா, நானாப் போட்டுக்கிட்டதான்னு தெரியல. இருபதுல வைக்கறேன்," என்றார்.

அடுத்தது பிரேக் அக்கா. மடமடவென்று பத்துச் சொற்களை ஒப்பித்தார். பத்துக்கும் முள் நூறில்தான் நின்றது. சொல்லப்போனால் அது நூறைவிட்டு நகரவே இல்லை.

"பத்துல ஏழு சரி மேடம். தூக்கம், மெத்தை, ராத்திரி மூணும் நான் வாசிக்கல."

"வாசிச்சீங்க."

"இல்ல மேடம்."

"என்ன இல்ல? என் காதால கேட்டேன். தூக்கம்னு சொல்லும்போது நீங்க லேசா இருமினீங்க, அதுகூட எனக்கு ஞாபகம் இருக்கு!"

உளவியலாளர் மேஜை மேல் இருந்த கருவியில், தான் வாசித்தபோது செய்த ஒலிப்பதிவை ஓடவிட்டார். கட்டில், போர்வை, குறட்டை... பதினைந்தும் வந்தன. தூக்கமும் இல்லை, மெத்தையும் இல்லை, ராத்திரியும் இல்லை. இருமல் மருந்துக்குக்கூட இல்லை.

"இது வேற ரெக்கார்டு," என்றார் பிரேக் அக்கா.

"எல்லாருக்கும் நடக்கறதுதான் மேடம். எல்லாமே தூக்கம் சம்பந்தப்பட்ட சொல்லுங்க. சொல்லாத ஒண்ண மனசு தானா சேத்துக்கும். அது இப்படி வரும்னு தெரிஞ்சேதான் இந்தச் சொல்லுங்கள எடுத்தோம். ஐயாவுக்கும் வந்தது. ஆனா அவர் சந்தேகப்பட்டார் பாருங்க, அதத்தான் நாங்க பாக்கறோம்."

பிரேக் அக்காவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. ஒரு பயிற்சியாளரைக் கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்துகிறார்கள் என்று தோன்றியது. அதைவிட, அந்த இருமல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி உள்ளே அரித்தது. இப்போதும் அது காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அடுத்து வீட்டு விஷயங்கள். உளவியலாளர் ஒன்றொன்றாகச் சொல்வார். அப்பாவால் அது முடியும் என்று எவ்வளவு உறுதி என்று இருவரும் ஒருவருக்கொருவர் காட்டாமல் முள்ளை நகர்த்திவிட்டு, ஒரே நேரத்தில் திருப்பிக் காட்ட வேண்டும்.

மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுவது. மகள் பூஜ்யம், அப்பா தொண்ணூறு. "கிழமை போட்ட டப்பா வச்சிருக்கேன்மா," என்றார். அடுப்பை அணைப்பது. மகள் பூஜ்யம், அப்பா ஐம்பது. "குறுக்கெழுத்து கையில இருந்தா இருபதுதான்," என்று தானே திருத்திக்கொண்டார். வெளியே போய் வழி தவறாமல் திரும்புவது. மகள் பூஜ்யம், அப்பா அறுபத்தைந்து. "தெரு விளக்கு போட்டுட்டா எல்லா வாசலும் ஒரே மாதிரி தெரியுது. அதனால இப்பல்லாம் வெளிச்சத்துலயே போயிட்டு வந்துடறேன்."

பிரேக் அக்கா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். வெளிச்சத்திலேயே போய் வருகிறாரா? எப்போதிலிருந்து?

"கடைசி ஒண்ணு," என்றார் உளவியலாளர். "ஐயா வீட்டுல தனியா இருக்கும்போது விழுந்துட்டா, உடனே மகளுக்குப் போன் பண்ணுவார்."

இதில் பிரேக் அக்கா யோசிக்கவே இல்லை. முள்ளை நூறுக்குத் தள்ளிய வேகத்தில் அட்டையே கையைவிட்டுப் போகப் பார்த்தது. ஒரே மகள். வேறு யாருக்குப் பண்ணுவார்? நிமிர்ந்து அப்பாவின் அட்டையைப் பார்த்தார்.

பத்து.

"அப்பா, முள்ளைத் தப்பா வச்சிருக்கீங்க."

"இல்லம்மா."

"என்ன இல்ல? எனக்குப் பண்ணாம?"

அப்பா அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போன மாசம் குளியலறையில விழுந்துட்டேன். ரொம்ப நேரம் தரையிலயே கிடந்தேன். அப்புறம் வாளியப் பிடிச்சு எழுந்தேன். போன் கைக்கு எட்டற தூரத்துலதான் இருந்தது."

"கால்ல கட்டுப் போட்டிருந்தீங்களே! செருப்பு கடிச்சிடுச்சுன்னு சொன்னீங்களே! நான் அந்தச் செருப்பைத் தூக்கிட்டுப் போய்க் கடைக்காரன உண்டு இல்லைன்னு பண்ணிட்டு வந்தேனே!"

"தெரியும்மா. பாவம் அந்த ஆளு."

"ஏம்ப்பா சொல்லல?"

"கத்துவ," என்றார் அப்பா. கோபமே இல்லாமல், நாளைக்கு மேகமூட்டம் என்பதுபோலச் சொன்னார். "விழுந்த வலியப் பொறுத்துக்கலாம். நீ கத்தறத முடியாது."

குளிர்ந்த தரையில், போனைப் பார்த்துக்கொண்டே, எடுக்காமல் கிடந்த அப்பாவைப் பிரேக் அக்கா நினைத்துப் பார்த்தார். எந்தப் போன் வரக்கூடாது என்று பயந்துகொண்டிருந்தாரோ, அது வராமலே போயிருக்கிறது. அதற்குக் காரணம் தான்தான் என்பது சுருக்கென்று குத்தியது.

உளவியலாளர் தன் முடிவைச் சொன்னார். "ஐயாவுக்கு மறதி இருக்கு மேடம், இனிமே கூடவும் செய்யும். ஆனா எங்க மறக்கும்னு அவருக்கே நல்லாத் தெரியுது. அடுப்புக்குத் தானா அணையற மாதிரி ஒண்ணு மாட்டிட்டா, இப்போதைக்குத் தனியா இருக்கலாம். இந்தக் கடைசி விஷயம்தான் உதைக்குது. விழுந்தா யாரையும் கூப்பிட மாட்டேங்கறவரத் தனியா இருக்கலாம்னு நான் சொல்ல முடியாது. ஐயா, நீங்க மகளோட போறதுதான் நல்லது."

அவ்வளவுதான், பிரேக் அக்கா ஜெயித்துவிட்டார். பின்பக்க அறை தயார், மெத்தைகூட வாங்கிப் போட்டாயிற்று. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அப்பா ஒப்பந்தப்படி மறுபேச்சு பேசவில்லை. மெல்ல எழுந்து, சட்டைப் பையில் வீட்டுச் சாவி இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"உக்காருங்கப்பா," என்றார் பிரேக் அக்கா. உளவியலாளரிடம், "இருங்கம்மா, இன்னும் முடியல," என்று சொல்லிவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார். "நான் கத்தாம இருந்தா, எனக்குப் போன் பண்ணுவீங்களா?"

"இருப்பியா?"

"நூ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். பொய் சொல்லத்தான் நினைத்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம், அவருக்கு நிஜமாகவே நூறு என்றுதான் வாயில் வந்தது. ஆனால் அந்த இருமலும் நிஜமாகத்தான் கேட்டிருந்தது. அப்பா குளியலறையில் கிடக்கிறார், போன் வருகிறது, தான் எடுக்கிறோம் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். அதில் தான் என்ன கத்துகிறோம் என்பதுகூடத் துல்லியமாகக் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிவப்பு முள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்தார். எழுபது, ஐம்பது, நாற்பது. ஒவ்வொரு இடத்திலும் நின்று யோசித்து, மறுபடி இழுத்தார்.

"முப்பதுப்பா," என்றார். "அதுக்கு மேல சத்தியமா எனக்குத் தெரியல."

"முப்பதா?" அப்பாவின் புருவம் உயர்ந்தது. "நான் பதினஞ்சுதான் எதிர்பார்த்தேன்."

அவர் உட்கார்ந்தார். தன் அட்டையை எடுத்து, பத்தில் இருந்த முள்ளை நகர்த்த ஆரம்பித்தார். பழைய அலுவலகப் பழக்கம், அவசரப்படவே மாட்டார். எண்பதில் நிறுத்தி, மகளுக்குத் திருப்பிக் காட்டினார்.

"நீ நூறுன்னு சொல்லியிருந்தா, இத நான் தொட்டிருக்கவே மாட்டேன்மா," என்றார்.