முக்கால் பவர்

விமானம் தரையை விட்டு எழும்பிக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, மெக்கானிக்கின் இடது கை தானாக, என்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பக்கம் நகர்ந்தது. ஓட்டிக்கொண்டிருந்த அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கையை எடுடா."

"கொஞ்சூண்டு குறைச்சா என்னக்கா? சத்தம் வேற மாதிரி கேக்குது."

"நேத்து நீதான சொன்ன, குறைச்சா என்ஜின் போச்சுன்னு? எழுதி வேற ஒட்டியிருக்க."

ஒட்டியிருந்தான்தான். எதிரே இருந்த முள் மானிகளுக்கு நடுவில், அவன் கையெழுத்திலேயே, 'முக்காலுக்குக் கீழே இறக்காதே' என்ற சீட்டு அவனை முறைத்துக்கொண்டிருந்தது.

பிரித்துப் புதிதாகக் கோர்த்த என்ஜினைப் பொத்திப் பொத்தி ஓட்டினால் கெட்டுவிடும். முக்கால் பங்கு சக்தியாவது கொடுத்து விரட்டினால்தான் புது பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரை உரசி உரசித் தங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பாவம் பார்த்தோமோ, சுவர் வழுவழுவென்று ஆகி, ரிங் உட்காராமல், என்ஜின் ஆயுசு முழுக்க எண்ணெய் குடிக்கும். போன தடவை அவன் கோர்த்த என்ஜினுக்கு அதுதான் நடந்தது. விமானப் பயிற்சிப் பள்ளியின் முதலாளி தானே ஓட்டுவேன் என்று ஏறி, பச்சைக் குழந்தையைத் தூக்கிப் போவது போல மெல்ல மெல்ல ஓட்டினார். பழி மெக்கானிக் தலையில் விழுந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் ரிப்பேர் ஷெட்டைப் பூட்டிவிட்டு வேலையை வெளியில் கொடுத்துவிடுவேன் என்றார். சொன்னால் செய்கிற மனுஷன். அதனால்தான் அங்கேயே பறக்கக் கற்றுக்கொடுக்கும் அக்காவை இந்த முறை கெஞ்சிக் கூட்டி வந்தான். அவள் சொன்னதைச் சொன்னபடி செய்வாள். சின்ன வயதில் அவன் காதுக்கு மருந்து விடும்போதும் அப்படித்தான், எவ்வளவு கத்தினாலும் கடைசிச் சொட்டு விழாமல் விட்டதில்லை.

வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டை ஒட்டி நின்றது. முதல் ஓட்டத்தில் சூடு அப்படித்தான் ஏறும், ரிங் உட்கார்ந்ததும் தானாக இறங்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் அவன். சொல்வது வேறு, தான் முடுக்கிய போல்ட்டுகளை நம்பி ஆகாயத்தில் உட்கார்ந்திருப்பது வேறு.

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"எனக்கு மட்டும் என்னவாம்? அதான் ஓடுபாதைக்கு மேலயே சுத்திக்கிட்டிருக்கேன். நின்னுபோனாலும் அப்படியே இறங்கிரலாம். முள்ளு கோட்டைத் தாண்டினா நானே குறைப்பேன், உன்னைக் கேக்க மாட்டேன். நீ ரெண்டு கையையும் தொடைக்குக் கீழ வச்சு உக்காரு."

தலை நரைக்கத் தொடங்கிய ஆள், கைகளின் மேல் உட்கார்ந்துகொண்டான். கீழே ஷெட்டின் தகரக் கூரையும், அதன் வாசலில் அண்ணாந்து பார்த்தபடி நின்ற முதலாளியும் திரும்பத் திரும்ப வந்து போனார்கள். இனி அந்த முள்ளைப் பார்ப்பதே இல்லை என்று முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் பார்த்தான்.

ஒரு சுற்றில் முள் கோட்டை விட்டுக் கொஞ்சம் விலகியிருந்தது. கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தான். அடுத்த சுற்றில் இன்னும் இறங்கியிருந்தது.

"நீ எதையாச்சும் குறைச்சியா?"

"தொடவே இல்லடா." அக்கா அந்த முள் மேல் விரலால் தட்டிப் பார்த்தாள். "உக்காந்துருச்சுடா உன் ரிங்கு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. அப்பாடா என்று சாய்ந்தான். இவ்வளவு நேரம் வேறு மாதிரி கேட்ட அதே சத்தம் இப்போது என்ஜின் சத்தமாகவே கேட்டது. அக்கா இன்னும் சில சுற்றுகள் அதே வேகத்தில் விரட்டிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பதமாக இறக்கினாள்.

என்ஜின் நின்றது. அவன் அசையவில்லை.

"இறங்குடா, எண்ணெயைப் பாக்க வேணாமா?"

"கை வரலக்கா. மரத்துப்போச்சு."

அக்கா இறக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சூடான எண்ணெய் என்ஜினுக்குள் அடித்தட்டில் வடிந்து சேரும் வரை இரண்டு பேரும் என்ஜின் பக்கத்தில் காத்து நின்றார்கள். ஷெட்டிலிருந்து முதலாளி வேட்டி தடுக்குகிற வேகத்தில் வந்துகொண்டிருந்தார். மெக்கானிக் எண்ணெய் அளவுகோலை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான்.

"என்னாச்சுப்பா?"

அவன் கோலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். எண்ணெய், காலையில் நின்ற கோட்டிலேயே நின்றது.