நேசராணி தூக்கிய கை

1

இந்தக் கதை ஒரு கனவிலிருந்து பிறந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் இது நான் ஒரு பொட்டலம் தேயிலைத் தூள் கேட்டதிலிருந்து பிறந்தது. கேட்காமல் இருந்திருந்தால் கதையும் இல்லை, நேசராணிக்கு வேலையும் போயிருக்காது.

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டம். பெயரைச் சொல்ல மாட்டேன். கம்பனி கைவிட்டுப் போனபின் தொழிலாளர்களே பங்கெடுத்து மலையையும் ஸ்டோரையும்* நடத்துகிறார்கள். அவர்களுக்கு ‘உரிமையாளர் உணர்வு’ பற்றிப் பயிற்சி கொடுக்க, கொழும்பு நிறுவனம் ஒன்று பதுளையிலிருக்கும் என்னை அனுப்பியது. பயிற்சி முடிந்ததும் ஒரு வெற்றிக் கதைக் கைநூலும் எழுதித் தர வேண்டும்.

(*தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். கைநூலில் ‘தொழிற்சாலை’ என்றே எழுதினேன். கொழும்புக்கு அதுதான் பிடிக்கும்.)

2

முதல் தொடக்கம்: ‘பனி விலகாத காலையில், கொழுந்துக் கூடையைச் சுமந்தபடி நேசராணி மலையேறி—’

அடித்துவிட்டேன். நேசராணி கொழுந்து எடுப்பவர் அல்லர். ஸ்டோரில் தூள் சலிக்கிறவர். மலையகப் பெண் என்றதும் முதுகில் கூடையை மாட்டிவிடுவது என் பேனாவின் கெட்ட பழக்கம்.

இரண்டாவது: ‘அன்று முதல் தொழிலாளர்கள் முதலாளிகள் ஆனார்கள். அவர்கள் வாழ்வில்—’

இது கைநூலுக்குப் போய்விட்டது. மூன்றாவதை ஸ்டோர் வாசலில் தொடங்குகிறேன்.

கம்பனிக் காலத்தில் வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளை அந்த வாசலில் காவல்காரன் கிண்டிப் பார்ப்பான். தோட்டம் கைக்கு வந்ததும் அவர்கள் போட்ட முதல் தீர்மானமே, இனிச் சோதனை கிடையாது என்பதுதான். ஆறு மாதத்தில் தூள் மூட்டை மூட்டையாகக் காணாமல் போனது. யாருக்கும் பேச வாய் வரவில்லை. நேசராணிதான் கூட்டத்தில் எழுந்தார். சோதனை திரும்ப வேண்டும், காவல்காரன் வேண்டாம், நாமே முறை வைத்துப் பார்ப்போம், அனுமதித் துண்டு இல்லாமல் எடுப்பவர் யாராக இருந்தாலும் வேலையை விட்டுப் போகட்டும் என்றார். அது சட்டமானது. நான் மகிழ்ந்து போனேன். என் பயிற்சி பலித்துவிட்டது என்று கொழும்புக்கு எழுதினேன்.

3

நேசராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் இல்லை. மகள் சஜீவனி ஹல்துமுல்லையில் உயர்தரம் படிக்கிறாள், இந்த வருடம் பரீட்சை. தாயும் மகளும் லயத்து வரிசை வீடுகளில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் இருக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் அந்தக் காம்பரா. இது கம்பனி போட்ட சட்டம். புதிய உரிமையாளர்கள் அதை மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று பயிற்சியில் நானும் கேட்கவில்லை.

[இந்தப் பாத்திரம் அளவுக்கு மீறி நேர்மையாக இருக்கிறதே, கொஞ்சம் கறை பூசலாமா என்று யோசித்தேன். நடந்ததைச் சொல்லும்போது கறை யார் மேல் விழுகிறது என்று பாருங்கள்.]

4

செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்தது. ஒரு சிட்டிகைத் தூள்கூட எல்லோருக்கும் சொந்தம் என்று இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, வெளியே வந்ததும் நேசராணியிடம் கேட்டேன்: “உங்க தூளை நான் இன்னும் குடிச்சுப் பார்க்கவே இல்லையே?”

விளையாட்டாகத்தான் கேட்டேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

“நம்ம தூளு சார். ஒங்களுக்கு இல்லாமயா? கீழ பஸ்ஸுக்கு நில்லுங்க, கொண்டாறேன்.”

விருந்தாளிக்குத் தூள் கொடுக்கலாம். அலுவலகத்தில் ஒரு துண்டு எழுதி வாங்கினால் போதும். அன்று அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். வாசலில் அன்றைய முறை விஜயலெட்சுமிக்கு. சாப்பாட்டுப் பையில் பொட்டலம் இருந்தது. யாருக்கு என்று கேட்டதற்கு, தனக்குத்தான் என்றாராம் நேசராணி.

கீழே எனக்கு பஸ் வந்தது. மறந்துவிட்டார் போல என்று ஏறிவிட்டேன்.

5

வெள்ளிக்கிழமை விசாரணை. தொழிலாளர் ஜனநாயகத்தைப் படம் பிடிக்க என்னையும் அழைத்திருந்தார்கள். மேசை மேல் பொட்டலம். சுற்றியிருந்த தாள் என்னுடையது, பயிற்சியில் நான் கொடுத்தது. ‘இது உங்கள் சொத்து’ என்ற தலைப்பு வெளியே தெரிந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

‘நான்தான் கேட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், விருந்தாளிக்கு எடுத்த தூள், துண்டுதான் பாக்கி என்று முடிந்திருக்கும். ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். சொல்லவில்லை. அடுத்த பயிற்சி போய்விடும் என்று பயந்தேன், வெட்கப்பட்டேன். இரண்டில் எது பெரிது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நேசராணி என் பக்கம் திரும்பவே இல்லை.

தலைவர் ரெங்கசாமி, ஸ்டோரில் மெஷின் ஓட்டுபவர், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “குத்தம்னு நெனைக்கிறவங்க கைய தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. விஜயலெட்சுமி அழுதுகொண்டிருந்தார். அப்புறம் ஒரு கை எழுந்தது. நேசராணியின் கை. அதைப் பார்த்தபின் ஒன்றொன்றாக மற்றக் கைகள். பழக்கதோஷத்தில் நான் போனை உயர்த்திப் படம் எடுத்தேன். ஆக, அந்த அறையில் என் கையும் மேலேதான் இருந்தது.

6

வெளியே அவரைப் பிடித்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கேட்கும் தகுதி இல்லாதவன்தான், ஆனாலும் கேட்டேன்.

“நான் கொண்டாந்த சட்டம் சார். ஊருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?”

“என் பேரைச் சொல்லியிருக்கலாமே?”

“நீங்களே ஒக்காந்து இருந்தீங்களே சார். நான் வேற சொல்லணுமா?”

7

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அ) நான் எழுந்து உண்மையைச் சொல்கிறேன். கூட்டம் கலைகிறது. (பொய்.)

ஆ) யாரும் கை தூக்காமல் எல்லோரும் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். (இதை எழுதும்போது அழுதேன். பொய்தான்.)

இ) சஜீவனி படித்துப் பெரிய உத்தியோகத்துக்கு வந்து, ஒரு நாள் என்னை— (வேண்டாம். காம்பராவைக் காலி செய்ய ஒரு மாதம். பரீட்சைக்கு இரண்டு மாதம்.)

கொழும்புக்குப் படம் மிகவும் பிடித்திருந்தது. உயர்ந்த கைகள்தான் கைநூலின் அட்டை. உரிமையாளர் உணர்வுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று எழுதியிருந்தார்கள். அது உண்மை என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

8

இன்று வியாழன். நேசராணிக்காக ரெங்கசாமி மேன்முறையீடு போட்டிருக்கிறார். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொதுக்கூட்டம். புதிய சாட்சி இருந்தால் மட்டும் தீர்ப்பை மாற்றலாம். பதுளையிலிருந்து ஆறரைக்கு ஒரு பஸ் இருக்கிறது.

போவேனா என்பதை இங்கே எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன் என்றால் இந்தத் தாள்களைக் கிழித்துவிடுவேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னவனுக்குக் கதை எதற்கு?

நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.